காத்து மீட்டர் ஒன்பது காட்டிய காலை

பெங்களூர் அல்சூர் ஏரிக்கு ஒரு குசும்பு உண்டு. கரையில் நிற்கிறவர்களுக்கு அது காற்றையே காட்டாது. விண்ட்சர்ஃபிங் கிளப் ஷெட்டைச் சுற்றித் தூங்குமூஞ்சி மரங்கள், அதற்குப் பின்னால் உயரமான மதில். ஷெட் வாசலில் இலை அசையாது. ஏதோ குளக்கரையில் காப்பி குடிக்க வந்த மாதிரி இருக்கும். நூறு கஜம் தண்ணீருக்குள் போனால் ஆளைத் தூக்கிக் கடாசிவிடும்.

விண்ட்சர்ஃபிங் ஆட்டத்துக்கு இது பெரிய தலைவலி. காலடியில் ஒரு பலகை, பலகையில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பாய், அவ்வளவுதான் சாமான். காற்று குறைச்சல் என்றால் ஆறரை சதுர மீட்டர் பெரிய பாயைக் கட்ட வேண்டும். அதிகம் என்றால் நாலரை. நடுவில் ஐந்தரை. எதைக் கட்டுவது என்று கரையிலேயே முடிவு பண்ணியாக வேண்டும். தண்ணீருக்குள் போன பிறகு, 'ஐயோ, அந்தப் பாயைக் கட்டியிருக்கலாமே' என்று தலையில் அடித்துக்கொண்டு என்ன பிரயோஜனம்?

அதனால்தான் சாந்தகுமாரி காத்து மீட்டர் செய்தாள். ராணிப்பேட்டைக்காரி, வயது இருபத்தொன்பது, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் செக்‌ஷனில் வேலை, ஜீவனஹள்ளியில் ஒரு மாடி ரூமில் வாசம். சிவாஜிநகர் பாத்திரக்கடையில் மூன்று குழிக்கரண்டி வாங்கி, காம்பை அறுத்து, குழியை மட்டும் ஒரு சுழல்தண்டில் பொருத்தினாள். காற்றடித்தால் கரண்டிகள் சுற்றும். எத்தனை சுற்று என்று எண்ணி, காற்றின் வேகம் இத்தனை நாட் என்று ஒரு சின்னப் பெட்டி சிவப்பு எழுத்தில் காட்டும். ஏரி நடுவில் இருக்கும் குட்டித் தீவில் கம்பம் நட்டு மீட்டரை அதன் உச்சியில் ஏற்றியாயிற்று. வயர் தண்ணீருக்கடியில் ஷெட் வரைக்கும் வந்தது. பெட்டி காட்டும் எண்ணை வாசல் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவார்கள். எழுதியதைப் பார்த்துப் பாய் கட்டுவார்கள். மூன்று வருஷமாக இதுதான் வழக்கம். கரும்பலகை சொன்னால் சொன்னதுதான்.

மீட்டர் சரியா என்று பார்க்கவும் அவளிடம் ஒரு வழி இருந்தது. கேட்டால் சிரிப்பீர்கள். காற்றில்லாத நேரமாகப் பார்த்து, தோழி டோரதியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, மீட்டரைக் கம்போடு தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பாள். ஸ்கூட்டர் மணிக்கு முப்பது கிலோமீட்டரில் போனால் மீட்டர் பதினாறு நாட் காட்ட வேண்டும். ஒரு நாட் என்றால் ஏறக்குறைய மணிக்கு இரண்டு கிலோமீட்டர், கணக்கு அவ்வளவுதான். ரோட்டில் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். டோரதி ஹாரன் அடித்துக்கொண்டே, "கரண்டி விக்கிறோம் சார், கரண்டி!" என்று கத்துவாள். சாந்தகுமாரிக்குச் சிரிப்பில் கை ஆடி எண்ணும் ஆடும்.

டோரதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிச்சர்ட்ஸ் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள், பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், முப்பத்திரண்டு வயது. தண்ணீரைப் பார்த்தாலே நடுங்கிய சாந்தகுமாரியைப் பலகையில் ஏற்றிவிட்டவளே அவள்தான். "வா, செத்தா நான் பொறுப்பு" என்று சொல்லி ஏற்றினாள். சாந்தகுமாரிக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு அவள் வீட்டில்தான் என்பதும் எழுதப்படாத சட்டம்.

அந்த வருஷம், 1999 டிசம்பரில், இரண்டு பேருக்கும் ஒரே ஆசை வந்தது. ஜனவரியில் மெட்ராஸ் கடலில் பெரிய போட்டி. கர்நாடகா டீமில் பெண்களுக்கு ஒரே ஓர் இடம். அதற்கு நின்றதும் இவர்கள் இரண்டே பேர்.

சாந்தகுமாரி கடலில் ஒரு முறைகூடப் பாய் விரித்ததில்லை. ஏரியின் ஆகாயத்தாமரையும் அதன் நாற்றமும்தான் அவளுக்குத் தெரிந்த தண்ணீர். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில்கூட ஒரு கப்பு வாங்காதவள். அவள் அம்மா வேறு ராணிப்பேட்டையில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், "எம்பொண்ணு கடல்ல போட்டிக்குப் போறா" என்று. தேர்வே நடக்கவில்லை, அதற்குள் தெருவுக்கே செய்தி!

டிசம்பர் ஐந்து, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரைக்குத் தேர்வு ஓட்டம். குளிரில் பல் கிட்டித்தது. செகரட்டரி வெங்கடசாமி மஃப்ளரைக் காது வரைக்கும் சுற்றிக்கொண்டு, பெட்டியைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதினார்: ஒன்பது.

ஒன்பது நாட் என்றால் சாதுக் காற்று. உடம்பு கனத்தால் பாயும் பெரிதாக வேண்டும். டோரதி கொஞ்சம் கனமான உடம்பு. கண்ணை மூடிக்கொண்டு ஆறரையைக் கட்டினாள். நாற்பத்தேழு கிலோ சாந்தகுமாரி ஐந்தரை கட்டினாள். விசில் ஊதினார்கள்.

தீவைத் தாண்டியதுதான் தாமதம், டோரதியின் பாய் அவளைப் பிடுங்கி எறிந்தது. ஏறினாள், மறுபடி எறிந்தது. நாலாவது தடவை பாயைப் பிடித்துக்கொள்ளும் கைக்கழி தாடையில் அடித்து, படகோட்டி முனியப்பன் போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாந்தகுமாரிக்கும் கை இரண்டும் பிய்ந்துவிடும் போலத்தான் இருந்தது. ஆனால் ஒல்லிக்காரிக்கு எந்தக் காற்றிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றை முடித்தாள். ஜெயித்துவிட்டாள்!

கரையில் டோரதி ஈரத்தோடு நின்றாள். தாடை நீலம் பாரித்திருந்தது.

"உன் மீட்டர் தப்பு சாந்தா. உள்ள அடிச்சது ஒன்பது இல்ல. பதினாறுக்குக் கம்மியே இல்ல."

"மீட்டர் தப்பாக சான்ஸே இல்ல டோரதி," என்றாள் சாந்தகுமாரி. "அப்புறமா காத்து ஏறியிருக்கும்."

ஆண்கள் ஓட்டம் பதினொரு மணிக்கு. அப்போது பெட்டி பதினைந்து காட்டியது, எல்லாரும் சின்னப் பாய் கட்டினார்கள், ஒருத்தரும் விழவில்லை. பார்த்தாயா, காற்று பிறகுதான் ஏறியது என்று கிளப்பே பேசியது. இருந்தாலும் டோரதி விடவில்லை, டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும் என்றாள். அன்று மத்தியானம் காற்று அடங்கியிருந்தது. மீட்டரைக் கழற்றி வந்து சாந்தகுமாரி பின்னால் உட்கார, இரண்டு மணி வெயிலில் வெங்கடசாமியே ஸ்கூட்டர் ஓட்டினார். முப்பதில் போனார். மீட்டர் பதினாறு காட்டியது. சொல்லி வைத்த மாதிரி பதினாறு.

"ஆயித்து, மீட்டர் கரெக்ட்டு," என்று வெங்கடசாமி வண்டியை ஸ்டாண்டு போட்டார். தாத்தா காலத்திலிருந்தே பெங்களூர்க் குடும்பம். எதை முடித்துவைத்தாலும் கன்னடத்தில்தான் முடித்துவைப்பார். "டோரதிம்மா, தோத்தா தோத்தேன்னு ஒத்துக்கணும். மீட்டர் மேல பழி போடக்கூடாது."

டோரதி அவரைப் பார்க்கவில்லை. சாந்தகுமாரியைத்தான் பார்த்தாள்.

"அப்ப நான் பொய் சொல்றேனா சாந்தா?"

இல்லை என்று சாந்தகுமாரி சொல்லியிருக்கலாம். எனக்கும் கை பிய்ந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நின்றாள். அன்றைக்கு அவளுக்கு மத்தியானச் சாப்பாடு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில்தான்.

அந்த வாரம் முழுக்க டோரதி பேசவில்லை. வியாழக்கிழமை பயிற்சிக்கு வந்தவள் கரும்பலகை பக்கமே திரும்பவில்லை. எச்சில் தொட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக் காற்றைப் பார்த்துவிட்டு, தனக்குத் தோன்றிய பாயைக் கட்டிக்கொண்டு போனாள். அந்த மரத்தடியில் விரலைத் தூக்கினால் என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. அது டோரதிக்கும் தெரியும். தெரிந்தும் தூக்கினாள். சாந்தகுமாரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் தன் மேல் தப்பில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டெஸ்டில் பாஸான சாமான், இதற்கு மேல் நான் என்ன பண்ணுவது?

அடுத்த ஞாயிறு, பன்னிரண்டாம் தேதி. மறுநாள் திங்கட்கிழமை டீம் லிஸ்டு போக வேண்டும். சாந்தகுமாரி விடியக்காலை ஆறு மணிக்கு எழுந்தாள். வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு காலையில்தான் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாள். போன ஞாயிறு தேர்வு ஓட்டம் என்பதால் வைக்கவில்லை. கிளப் பையிலேயே இரண்டு வாரமாகக் கிடந்த எண்ணெய் பாட்டிலை எடுத்து, உள்ளங்கையில் கவிழ்த்தாள்.

ஒரு சொட்டு விழவில்லை.

ஆட்டினாள். தட்டினாள். பாட்டிலுக்குள் தேங்காய் எண்ணெய் மெழுகு மாதிரி வெள்ளையாக உறைந்து கிடந்தது. சனியனே என்று திட்டிவிட்டு, வெந்நீர் போடலாம் என்று ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். பற்றவைத்த கையோடு அப்படியே நின்றாள்.

இந்த பாட்டில். இதே பாட்டில்தான்.

நவம்பர் கடைசி ஞாயிறு முனியப்பன் சொன்னார், "மேடம், தீவு மேல உங்க கரண்டி கிரீச் கிரீச்சுனு கத்துது, கொக்கு கூடப் பக்கத்துல வரமாட்டேங்குது." அவர் படகிலேயே போய் ஏறிப் பார்த்தாள். தண்டு சுற்றும் பேரிங் காய்ந்திருந்தது. மிஷின் எண்ணெய் கையில் இல்லை. பையில் இந்தத் தலை எண்ணெய் இருந்தது. நாளைக்கு நல்ல எண்ணெய் கொண்டுவந்து மாற்றிவிடலாம் என்று, தாராளமாக ஊற்றிவிட்டு இறங்கினாள். சத்தம் நின்றுபோயிற்று. நாளைக்கு என்பதும் மறந்துபோயிற்று.

பேரிங்கும் இந்த பாட்டில் மாதிரிதானே இருந்திருக்கும்! விடியற்காலை ஏரி நடுவில், குளிரில், உறைந்த எண்ணெயில் மாட்டிக்கொண்டு கரண்டிகள் நொண்டி நொண்டிச் சுற்றியிருக்கும். பதினொரு மணிக்கு வெயில் ஏறி எண்ணெய் இளகியிருக்கும், மீட்டரும் சரியாகியிருக்கும். இரண்டு மணி வெயிலில் டெஸ்டு செய்தால் பதினாறு காட்டாமல் என்ன செய்யும்? டெஸ்டிங் செக்‌ஷனில் ஆறு வருஷம்! எந்தச் சாமானையும் அது கெட்டுப்போன சூட்டிலும் குளிரிலும்தான் சோதிக்கணும் என்று தினமும் மற்றவர்களுக்குச் சொல்கிற வாய் அவளுடையது. வெட்கமாக இருந்தது. அதைவிட அந்த ஒரு கேள்வி, 'அப்ப நான் பொய் சொல்றேனா', காதிலேயே நின்றது.

ஸ்டவ்வை அணைத்தாள். ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்துவிடலாம் என்ற நினைப்பும் வந்தது. ஒளிப்பானேன், வரத்தான் செய்தது. எண்ணெய் விஷயம் உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. நாளைக்கு லிஸ்டு போய்விடும். அம்மா தெருவெல்லாம் சொல்லியாயிற்று. கடல். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். பிறகு விரித்த தலையை அள்ளி முடிந்துகொண்டு, செருப்பை மாட்டினாள்.

முனியப்பனை எழுப்பித் தீவுக்குப் போய் மீட்டரைக் கழற்றினாள். கை வைத்துச் சுற்றிப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, தண்டு சேற்றில் சுற்றுகிற மாதிரி இழுத்தது. எண்ணெயைத் துடைக்கவில்லை. வெயில் படாமல் ஈரத்துண்டில் சுற்றி, பெட்டியையும் பாட்டரியையும் பையில் போட்டு, ஆட்டோ பிடித்து ரிச்சர்ட்ஸ் டவுன் போனாள்.

டோரதி மாதா கோயிலுக்குப் போகப் புடவை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஏழரை மணிப் பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. தாடையில் நீலம் மஞ்சளாகியிருந்தது.

"என்ன?"

"ஸ்கூட்டரை எடு டோரதி. முப்பதுல ஓட்டு. ஒரே ஒரு தடவை."

"பூசைக்குப் போறேன்."

"சாயந்திரப் பூசைக்குப் போ. வெயில் வந்துட்டா முடியாது. கையெடுத்துக் கும்பிடறேன், எடு."

டோரதி அவள் முகத்தைப் பார்த்தாள். எண்ணெய் காணாத பரட்டைத் தலையையும் பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தாள். ஆளில்லாத ரோடு, துளிக் காற்றில்லை. இந்தத் தடவை ஹாரனும் இல்லை, கரண்டி வியாபாரமும் இல்லை. சாந்தகுமாரி துண்டை உருவிவிட்டு மீட்டரைத் தூக்கிப் பிடித்தாள். எண் காட்டும் பெட்டியைத் தான் வைத்துக்கொள்ளாமல், டோரதியின் கண்ணுக்கு நேராக ஹாண்டில்பார் மேலேயே கட்டியிருந்தாள்.

வேகமுள் முப்பதைத் தொட்டது. அங்கேயே நின்றது. பெட்டியில் எட்டு வந்தது, பிறகு ஒன்பது. அதற்கு மேல் ஏறவில்லை.

டோரதி ரோட்டோரமாக வண்டியை நிறுத்தினாள். திரும்பவில்லை. அவள் தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

"நான்தான் தேங்காய் எண்ணெய் போட்டேன்," என்றாள் சாந்தகுமாரி. "குளிர்ல உறைஞ்சிருக்கு. உள்ள போனப்ப எனக்கும் கை பிச்சுக்கிச்சு டோரதி. தெரிஞ்சும் சொல்லல. நீ பொய் சொல்லல. நான்தான்..." ரோட்டோரத்திலேயே நின்று மூக்கைச் சிந்தி அழுதாள்.

டோரதி கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். மீட்டரை வாங்கி மூக்கருகே வைத்து முகர்ந்தாள்.

"அடிப்பாவி," என்றாள். "கரண்டிக்குத் தலைவாரி விட்டிருக்க!"

வீட்டுக்குப் போய் மண்ணெண்ணெயில் பேரிங்கைக் கழுவி, டோரதி அம்மாவின் தையல் மிஷின் எண்ணெயை இரண்டே சொட்டு விட்டார்கள். சட்னி அரைத்துக்கொண்டிருந்த அம்மா, "ஒரு வாரமா எங்கடி போயிருந்த?" என்று மட்டும் கேட்டுவிட்டு, நாலு தோசை போட்டார்.

பத்து மணிக்கு கிளப்பில் சாந்தகுமாரி வெங்கடசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஷெட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். எல்லார் முன்னாலும் சொன்னாள். பழி போடக்கூடாதென்று அன்றைக்குச் சொன்ன மனுஷர் மஃப்ளரை அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

"டோரதி பேரை அனுப்பிடுங்க சார்," என்றாள் சாந்தகுமாரி.

"அய்ய, யாருக்கு வேணும் உன் தானம்?" என்று டோரதி நடுவில் புகுந்தாள். "நீ குடுத்து நான் கடலுக்குப் போகணுமா? மறுபடி ஓட்டுவோம். இன்னைக்கே. இப்பவே."

மீட்டரைக் கொண்டுபோய்த் தீவில் ஏற்றிவிட்டு வந்தார்கள். கரையில் வழக்கம்போல இலை அசையவில்லை. மூன்று பாய்களும் புல்லில் வரிசையாகக் கிடந்தன. சாந்தகுமாரிக்கு ஓட்டம் நினைப்பிலேயே இல்லை. டோரதி விரலை நக்கித் தூக்கப்போகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

டோரதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"சாந்தா, காத்து எவ்வளவு?"

சாந்தகுமாரி பெட்டியைப் பார்த்தாள். இன்னொரு தடவையும் பார்த்தாள். "பத்து," என்றாள்.

டோரதி மறுபேச்சில்லாமல் ஆறரையை எடுத்துக் கட்டினாள்.

யார் ஜெயித்தது என்று கேட்பீர்கள். டோரதிதான். சாதாரணமாக இல்லை, சாந்தகுமாரி கடைசித் திருப்பத்துக்கு வரும்போது அவள் கரையேறிப் பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சாந்தகுமாரிக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய். வருத்தம்தான். அன்றைக்கு ராணிப்பேட்டைக்குப் போன் பண்ணி அம்மாவிடம் சொல்லும்போது கொஞ்சம் அழுதாள். ஆனால் தூக்கம் வந்தது. அதற்கு முந்தின வாரம் முழுக்கச் சரியாக வராத தூக்கம்.

ஜனவரி நடுவில் ஒரு நாள் காலை, டெஸ்டிங் செக்‌ஷனில் போன் அடித்தது. மெட்ராஸிலிருந்து, கடற்கரைப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து டோரதி. பின்னால் அலைச் சத்தம் இரைந்தது.

"ஏய் சாந்தா, சீக்கிரம் பேசு, இன்னும் அரை மணில என் ஓட்டம். இங்க பெரிய பெரிய மீட்டரெல்லாம் வெச்சிருக்காங்க. வெளிநாட்டுச் சாமானாம். பதினாலு காட்டுது."

"அப்புறம் என்ன? அதைப் பார்த்துக் கட்ட வேண்டியதுதானே."

"அவன் என்ன எண்ணெய் போட்டானோ, எனக்கு என்ன தெரியும்? நீ சொல்லு. எந்தப் பாய் கட்டட்டும்?"

சாந்தகுமாரி, செக்‌ஷனில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கடலை அவள் இன்னும் பார்த்தபாடில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்த அலைச் சத்தத்தைக் கொஞ்சம் கேட்டாள்.

"அங்க கொடி ஏதாவது இருக்கா?"

"இருக்கு."

"எப்படிப் பறக்குது, பார்த்துச் சொல்லு."

"படபடன்னு நேரா நிக்குது. நுனி மட்டும் அப்பப்போ தொங்குது."

"அப்ப மீட்டர் சரிதான்," என்றாள் சாந்தகுமாரி. "அஞ்சரையைக் கட்டு."